கபரகொய்யாவின் குடி என்ன?

கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட, வாவிக் கரையோரம் இருக்கும் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தபோது வேலிக்குக் கீழால் ஒரு கபரகொய்யா, அதாவது தண்ணீரில் திரியும் பெரிய உடும்பு, நுழைந்தது. ஆறடி இருக்கும். நாக்கை நீட்டி நீட்டி, எந்த அவசரமும் இல்லாமல், மீன் கழுவின தண்ணீர் ஊற்றும் இடத்தில் போய் நின்றது. கதிரையில் இருந்த மாமா தேத்தண்ணிக் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "பார் மனே, டைனோசர்ர பேரப்பிள்ளை போகுது" என்றார். பக்கத்தில் நின்ற அவருடைய பேத்தி, தரம் 6 படிக்கிறவள், "அப்ப முதலை, அம்மப்பா?" என்று கேட்டாள். "அதுவும்தான். எல்லாம் ஒண்டுதான்."

மாமாவைக் குறை சொல்ல முடியாது. முகநூலில் பெரிய உடும்பைக் கண்டாலும் டைனோசர், முதலையைக் கண்டாலும் டைனோசர், கடலில் வாழ்ந்த எந்தப் பழைய ஊர்வனவைக் கண்டாலும் டைனோசர். உண்மையில் கபரகொய்யா டைனோசரின் பேரப்பிள்ளை இல்லை. அந்த நேரம் மாமாவின் வளவுக்குள் டைனோசர் வழியில் வந்த ஒன்று இருந்தது, கபரகொய்யாவைக் கண்டதும் கத்திக்கொண்டு மாமரத்தில் ஏறிய கோழிதான் அது.

இது எப்படி என்று கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம்.

சாயல் வேறு, குடி வேறு

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் குடி, அதாவது தாய்வழி வம்சம், என்றால் என்னவென்று யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. பிள்ளை தாயின் குடி. அப்பாவின் மூக்கையும் நிறத்தையும் அப்படியே கொண்டு பிறந்தாலும் தாயின் குடிதான். சின்னம்மாவின் பிள்ளைக்கு உங்கள் சாயல் துளியும் இல்லாமல் இருக்கலாம், ஆனால் அவர் உங்கள் குடி. மாமாவின் பிள்ளையையும் உங்களையும் ஒன்றாகக் கண்டவர்கள் இரட்டைப் பிள்ளைகள் என்று நினைக்கலாம், ஆனாலும் அவர் வேறு குடி, கல்யாணமே பேசலாம். கோயிலில் எந்தத் திருவிழா எந்தக் குடிக்கு என்று வரும்போது முகத்தைப் பார்த்து யாரும் தீர்ப்பதில்லை, யார் வயிற்றில் யார் பிறந்தது என்றுதான் கேட்பார்கள்.

உயிரினங்களைப் பாகுபாடு செய்கிறவர்கள் நீண்ட காலம் இதற்கு நேரெதிராகச் செய்தார்கள். சாயலைப் பார்த்தார்கள். 1758இல் லினேயஸ் பல்லியையும் பாம்பையும் தவளையையும் ஒரே வகுப்பில் போட்டார், போதாததற்குச் சுறாவையும் திருக்கையையும் அதே வகுப்புக்குள் தள்ளினார். குளிர்ந்த உடம்பு, பார்க்க அருவருப்பு, அவ்வளவுதான் அவர் கண்ட ஒற்றுமை என்று சொல்லலாம்! கூர்ப்பு என்ற எண்ணம் வந்த பிறகுதான், அதாவது உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறி ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து வந்தவை என்பது தெரிந்த பிறகுதான், யாரிலிருந்து யார் வந்தது என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்விக்கு ஒழுங்கான முறை ஒன்றை எழுதி வைத்தவர் வில்லி ஹெனிக் என்ற ஜெர்மன்காரர். அவர் பூச்சிகளைப் படித்தவர், 1950இல் புத்தகம் போட்டார்.

அவர் வழியில் முக்கியமான சொல் ஒன்றே ஒன்று. ஒரு முன்னோரும் அதிலிருந்து வந்த அத்தனை வழித்தோன்றல்களும் சேர்ந்த கூட்டத்துக்குக் கிளேட் என்று பெயர். எங்கள் குடிக்கும் கிளேட்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். குடியில் ஆண்பிள்ளைகளின் பிள்ளைகள் வேறு குடிக்குப் போய்விடுவார்கள். கிளேட்டிலிருந்து ஒருவரும் வெளியே போக முடியாது. சிறகு முளைத்தாலும், கால் தேய்ந்து இல்லாமல் போனாலும், கடலுக்குள் இறங்கித் துடுப்பு வந்தாலும், பிறந்த கிளேட் பிறந்த கிளேட்தான்.

துப்பு எங்கே கிடைக்கும்?

செத்துக் கல்லாகிப்போன விலங்கிடம் "உன் தாய் யார்?" என்று கேட்க முடியாது. பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது?

சமையலை வைத்துப் பார்ப்போம். ஊரில் எல்லா வீட்டிலும் சோறு ஆக்குகிறார்கள். அதை வைத்து எந்த இரண்டு வீடு சொந்தம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு பாட்டி எப்போதோ மீன் குழம்புக்கு ஒரு விசித்திரமான சேர்மானத்தைப் போட்டுப் பழகினாள், இன்றைக்கு ஊரில் நாலு வீட்டில் மட்டும்தான் அந்தச் சேர்மானம் போடுகிறார்கள் என்றால், அந்த நாலு வீடும் அவளுடைய பிள்ளைகள், பேத்திகள் வீடாக இருக்க வாய்ப்பு அதிகம். இப்படி ஒரு முன்னோரில் புதிதாகத் தோன்றி வழித்தோன்றல்களுக்கு மட்டும் இறங்கிய அம்சத்தைப் 'பகிர்ந்த புதுமை' என்று சொல்வோம். பாகுபாட்டில் மதிப்பு இதற்குத்தான். ஐந்து விரல், நாலு கால், முதுகெலும்பு எல்லாம் சோறு மாதிரி. பழசு, எல்லாரிடமும் இருந்தது, எதையும் நிரூபிக்காது.

ஒரு சிக்கலும் உண்டு. பக்கத்து ஊரில் இன்னொருத்தி தன் பாட்டில் அதே சேர்மானத்தைக் கண்டுபிடித்திருக்கலாம். சுறாவையும் ஓங்கிலையும், அதாவது டொல்பினையும், பாருங்கள். ஒன்று மீன், மற்றது எங்களைப்போல் முலையூட்டி, ஆனால் ஒரே அச்சில் வார்த்ததுபோல உடம்பு. தண்ணீரில் வேகமாகப் போவதற்கு அந்த வடிவம்தான் வசதி என்பதால் இரண்டும் தனித்தனியாக அங்கே போய்ச் சேர்ந்தன. விலாங்கும் பாம்பும் அப்படித்தான். இதற்கு ஒருங்கு கூர்ப்பு என்று பெயர். அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் ஒரு அம்சத்தை மட்டும் நம்புவதில்லை. நூற்றுக்கணக்கான அம்சங்களைப் பட்டியல் போட்டு, இவை எல்லாவற்றையும் மிகக் குறைந்த தற்செயல்களோடு விளக்கும் வம்ச மரம் எது என்று கணினியில் தேடுவார்கள்.

சுருக்கமாக: உறவைக் காட்டுவது சாயல் அல்ல, பகிர்ந்த புதுமை. அதிலும் ஒன்றிரண்டு போதாது.

பெயரில் ஒன்றும் இல்லை

சோரஸ் என்பது பல்லியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. குழப்பத்தில் பாதி இதனால்தான். ரிச்சர்ட் ஓவன் 1842இல் டைனோசர் என்ற பெயரை வைத்தபோது 'பயங்கரப் பல்லி' என்று பொருள்படத்தான் வைத்தார். கடலில் வாழ்ந்த இக்தியோசோர் 'மீன் பல்லி', பிளெசியோசோர் 'பல்லிக்குக் கிட்டியது'. இவற்றில் ஒன்றும் பல்லி இல்லை. எல்லாவற்றையும் விடப் பெரிய கூத்து பசிலோசோரஸ். 1834இல் பெரிய முதுகெலும்புகளைக் கண்ட ரிச்சர்ட் ஹார்லன் 'அரசப் பல்லி' என்று பெயர் வைத்தார். சில வருடத்தில் ஓவன் அதன் பற்களைப் பார்த்து இது முலையூட்டி என்று காட்டிவிட்டார். அது ஒரு பழைய திமிங்கிலம். பெயர் மட்டும் மாறவில்லை, ஏனென்றால் விலங்குகளுக்குப் பெயரிடும் விதிப்படி முதலில் வைத்த பெயருக்குத்தான் முன்னுரிமை, பொருள் பிழைத்தாலும் பரவாயில்லை.

தலையோட்டில் இரண்டு ஓட்டை

சரி, இப்போது பல்லிகளின் உண்மையான இடத்துக்கு வருவோம். வாயை மெல்லுகிறமாதிரி அசைத்துக்கொண்டு நெற்றிப்பொட்டில் விரலை வையுங்கள். தசை அசைவது தெரியும். தாடைத் தசை ஓடுவதற்காக எங்கள் தலையோட்டில் கண்ணுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு திறப்பு இருக்கிறது. பல்லி, முதலை, டைனோசர், பறவை ஆகியவற்றின் பொது முன்னோரில் பக்கத்துக்கு இரண்டு, மேலே ஒன்று கீழே ஒன்று. இந்த இரண்டு ஓட்டைக் கூட்டத்துக்கு டயப்சிட் என்று பெயர். ஆக மாமா சொன்னது முழுப் பொய் இல்லை, கபரகொய்யாவும் டைனோசரும் தூரத்து உறவுதான்.

ஆனால் இந்தக் கூட்டம் மிகப் பழைய காலத்திலேயே, முதல் டைனோசர் தோன்றுவதற்கு வெகு முன்னரே, இரண்டு பெருங்கிளையாகப் பிரிந்துவிட்டது. ஒரு கிளை ஆர்க்கோசோர். முதலை, டைனோசர், பறக்கும் டெரோசோர், டைனோசர் வழியில் வந்த இன்றைய பறவைகள் எல்லாம் அதில். ஆமையையும் அந்தப் பக்கத்தில்தான் சேர்க்க வேண்டும் என்று டீ.என்.ஏ. சொல்கிறது. மற்றக் கிளைதான் எங்கள் கதாநாயகர்கள், லெபிடோசோர், அதாவது செதில் கொண்டவை. பல்லி, ஓணான், அரணை, உடும்பு, பாம்பு எல்லாம் இதில்.

இதனால்தான் வாவியில் கிடக்கும் முதலைக்கு நெருங்கிய உறவு கரையில் கிடக்கும் கபரகொய்யா இல்லை, கொக்கு. பார்த்தால் நம்ப முடியாது. பார்த்தால் நம்ப முடியாததுதான் இந்தக் கட்டுரை முழுக்க வரப்போகிறது.

லெபிடோசோரை உயிர்ச்சுவட்டில், அதாவது கல்லாகிப்போன எலும்பில், கண்டுபிடிப்பது எப்படி? ஒரு நல்ல அடையாளம் நம் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது. பல்லியை விரட்டினால் வால் அறுந்து துடிக்கும். அது இரண்டு வாலெலும்புக்கு இடையில் அறுவதில்லை, ஒரு வாலெலும்பின் நடுவில் ஏற்கனவே இருக்கும் வெடிப்பில் அறுகிறது. அந்த வெடிப்புக் கோடு உயிர்ச்சுவட்டு எலும்பிலும் தெரியும். பல்லி, பாம்புக் கூட்டத்துக்கு என்று இன்னொரு அடையாளம் தாடையில் இருக்கிறது. கீழ்த்தாடையைத் தலையோட்டோடு மாட்டும் எலும்புக்குக் குவாட்ரேட் என்று பெயர். முதலையில் அது சுவரில் பதித்த கல்போல அசையாது. பல்லியில், கீழ் ஓட்டைக்கு அடியில் இருந்த எலும்புக் கம்பி இல்லாமல் போனதால், குவாட்ரேட் கதவுப் பிணைச்சல்போல முன்னும் பின்னும் ஆடும். பாம்பு தன் தலையை விடப் பெரிய தவளையை விழுங்குவது இந்த ஆட்டத்தை இன்னும் நீட்டி எடுத்ததால்தான்.

டுவட்டாரா என்ற தனிமரம்

நியூசிலாந்தில் டுவட்டாரா என்று ஒன்று இருக்கிறது. முதுகில் முள் வரிசை, பார்த்தால் பெரிய ஓணான். 1831இல் அதன் தலையோட்டை விவரித்த ஜோன் எட்வர்ட் கிரே அதை ஓணான் குடும்பத்தில்தான் போட்டார். 1867இல் ஆல்பர்ட் குந்தர் வெட்டிப் பார்த்து, இது பல்லியே இல்லை என்றார். மேல்தாடையில் இரண்டு வரிசைப் பல், அவற்றுக்கு நடுவில் கீழ்த்தாடைப் பல் வந்து பொருந்துகிறது. தாடை எலும்புக்கம்பியும் முழுசாக இருக்கிறது.

டுவட்டாராவின் கூட்டத்துக்கு ரிங்கோசெபாலியா என்று பெயர். இன்றைக்கு அதில் மிஞ்சியிருப்பது அந்த ஒரே இனம். பல்லி, பாம்புக் கூட்டமான ஸ்குவாமாட்டாவில் 11,000 இனங்களுக்கு மேல். ஆனால் டைனோசர் காலத்தில் ரிங்கோசெபாலியாவும் செழித்துத்தான் இருந்தது. கோதாவரிப் பக்கத்துக் கோட்டா பாறைகளில், ஜுராசிக் காலத்து இரண்டு வகை கிடைத்து 2001இல் பெயர் வைத்தார்கள். ஒன்றின் பெயரே கோதாவரிசோரஸ்.

இங்கே ஆட்கள் தவறும் இடம் ஒன்று. டுவட்டாராவைப் 'பல்லிகளின் தாத்தா', 'வாழும் உயிர்ச்சுவடு' என்பார்கள். இல்லை. அது தாத்தா இல்லை, ஒன்றுவிட்ட சகோதரம். ஏறக்குறைய 25 கோடி ஆண்டுக்கு முன் ஒரே முன்னோரிலிருந்து பிரிந்த இரண்டு வழிகள், இரண்டும் அன்றிலிருந்து சம காலம் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. வம்ச மரத்தின் நுனியில் இருப்பது எதுவும் இன்னொரு நுனிக்குத் தாத்தா ஆகாது. இன்னும் சுவாரசியம், அந்த எலும்புக்கம்பி. அது பழைய காலத்திலிருந்து மாறாமல் வந்தது என்றுதான் வெகுநாள் நினைத்தார்கள். பிறகு டுவட்டாராவின் பழைய உறவுகளின் உயிர்ச்சுவடுகள் கிடைத்தன, அவற்றில் கம்பி முழுசாக இல்லை. ஆக இது பழசு இல்லை, போனது திரும்ப வந்த புதுசு. மாறாமல் இருக்கிறது என்று சொல்லும் அடையாளமே மாறியதற்குச் சாட்சி!

இதுவரை: டயப்சிட் என்ற பெரிய வீடு. அதில் ஒரு கிளையில் முதலை, டைனோசர், கோழி. மற்றக் கிளையில் ஒரு பக்கம் டுவட்டாரா, மறுபக்கம் பல்லி, பாம்புகள்.

பாம்பு பல்லிக்குள்ளேதான்

பல்லியும் பாம்பும் பக்கத்துப் பக்கத்து வீடு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, பாம்பு பல்லி வீட்டுக்குள்ளேயே ஒரு அறை. உடும்புக்கு வீட்டுப் பல்லியை விடப் பாம்பு நெருங்கிய உறவு. கால் தேய்வது ஒன்றும் அதிசயமான நிகழ்வு இல்லை, பல்லிகளில் பல தடவை தனித்தனியாக நடந்திருக்கிறது. இலங்கையில் மட்டுமே இருக்கும் நெசியா என்ற அரணைச் சாதியில் காலே இல்லாதவையும், பெயருக்குக் குட்டிக் கால் உள்ளவையும் இருக்கின்றன. அவை பாம்பு இல்லை, அரணைதான். பாம்பு வழியிலும் நடுக்கட்டம் கிடைத்திருக்கிறது. ஆர்ஜென்டினாவில் கிடைத்து 2006இல் விவரிக்கப்பட்ட நஜாஷ் என்ற பாம்புக்குப் பின்னங்கால் இருந்தது.

குஜராத்தில் கிடைத்த சனாஜே என்ற பாம்பு டைனோசர் முட்டைகளுக்கு நடுவில், பொரித்த குஞ்சுக்குப் பக்கத்தில் சுருண்டபடியே கல்லாகிவிட்டது. டைனோசரைத் தின்ன வந்த பல்லிக் குடிக்காரர் அது.

கடலுக்குப் போன உறவு

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்துச் சுண்ணாம்புக் குழிகளில் 18ஆம் நூற்றாண்டில் பெரிய தாடை எலும்புகள் அகப்பட்டன. ஒருவர் திமிங்கிலம் என்றார், இன்னொருவர் முதலை என்றார். 1794இல் நகரத்தைப் பிடித்த பிரெஞ்சுப் படை பெரிய தலையோட்டைப் பாரிசுக்குக் கொண்டுபோனது, அதைத் தேடித் தந்தவர்களுக்கு 600 வைன் போத்தல் கிடைத்ததாக ஒரு கதை இருக்கிறது, கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். திமிங்கிலம் என்று சொன்னவரின் மகன் அட்ரியான் காம்பர்தான் அப்பாவையே மறுத்து, இது உடும்பு மாதிரி ஒன்று என்றார். பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே 1808இல் ஒத்துக்கொண்டார். பிறகு வந்த பெயர் மோசசோரஸ். மியூஸ் ஆற்றுப் பல்லி என்று பொருள், பெயரும் குடியும் பொருந்திவந்த அபூர்வமான இடம் இது.

மோசசோர்களின் கீழ்த்தாடை நடுவில் ஒரு மூட்டு, வாய்க் கூரையில் இரண்டாவது வரிசைப் பல். கடலில் பிறந்து கடலில் செத்தன. கால் துடுப்பாகியது, வால் சுறா வால்போல் ஆகியது. பெரியவை பத்து மீட்டருக்கு மேல் போயின. 6.6 கோடி ஆண்டுக்கு முன் டைனோசர்களோடு சேர்ந்து அழிந்தன. படத்தில் பார்த்தால் இக்தியோசோருக்கும் இவற்றுக்கும் நல்ல சாயல், ஆனால் இது ஸ்குவாமாட்டா, அது இல்லை. சுறாவும் ஓங்கிலும்போலத்தான்.

மோசசோர் உடும்புக்குக் கிட்டவா, பாம்புக்குக் கிட்டவா என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. பல்லிக் குடி என்பதில் வாதம் இல்லை.

எலும்பு ஒன்று சொல்ல, டீ.என்.ஏ. ஒன்று சொல்ல

சார்ள்ஸ் காம்ப் 1923இல் பல்லிகளின் உடற்கூற்றை ஒழுங்காக அலசி ஒரு மரம் போட்டார். அதில் முதலாவதாகப் பிரிந்து போவது ஓணான், பச்சோந்திக் கூட்டம். ஓணான்போல நாக்கால் இரை பிடிப்பது டுவட்டாராவிடமும் இருக்கிறதே, ஆக அதுதான் பழைய வழக்கம் என்றது நியாயமாகத்தான் இருந்தது. எண்பது வருடம் எல்லாரும் ஏறக்குறைய இதைத்தான் படித்தார்கள். 2000க்குப் பிறகு டீ.என்.ஏ.யை ஒப்பிட்டபோது மரம் தலைகீழாகிவிட்டது. முதலில் பிரிந்தது சுவர்ப் பல்லிக் கூட்டம், ஓணான் நேரே போய் உடும்புக்கும் பாம்புக்கும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. வேலியால் போன ஓணானை மடியில் விட்ட கதைதான். இன்றைக்குப் பலரும் டீ.என்.ஏ. பக்கம் சாய்ந்திருக்கிறார்கள், நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் எலும்பை ஒதுக்க முடியாது. இதுவரை வாசிக்கப்பட்ட மிகப் பழைய டீ.என்.ஏ. ஏறக்குறைய 20 லட்சம் ஆண்டுப் பழசு, மோசசோரின் காலத்துக்கு அது கிட்டவும் வராது. செத்தவைக்கு எலும்புதான் பிறப்புச் சான்றிதழ்.

எலும்பைப் பார்க்கும் முறையும் மாறிவிட்டது. இத்தாலியின் டொலமைட் மலையில் கிடைத்த மெகாசிரெல்லா ஒரு சின்ன விலங்கு, உள்ளங்கைக்குள் அடங்கும், பாதி உடம்பு கல்லுக்குள்ளேயே கிடந்தது. பல வருடம் யார் என்றே தெரியவில்லை. பிறகு ஸ்கேன் எடுத்துக் கல்லுக்குள் மறைந்திருந்த எலும்புகளைப் பார்த்தார்கள். 2018இல், ஏறக்குறைய 24 கோடி ஆண்டுப் பழைய இதுதான் தெரிந்தவற்றில் மிகப் பழைய ஸ்குவாமாட்டா வழிக்காரர் என்று அறிவித்தார்கள்.

பறவையாக வந்து பல்லியான கதை

கடைசியாக, இதெல்லாம் பழைய காலத்துத் தவறுகள் என்று நினைக்கிறவர்களுக்காக ஒன்று. மியன்மாரில் கிடைத்த 9.9 கோடி ஆண்டுப் பழைய மரப்பிசின் துண்டுக்குள், ஒன்றரை சென்ரிமீற்றர்கூட இல்லாத ஒரு தலையோட்டைக் காட்டி, உலகின் மிகச் சிறிய டைனோசர் காலத்துப் பறவை என்று 2020 மார்ச்சில் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. நீண்ட அலகு, உருண்டைத் தலை, பெரிய கண். பார்த்தால் பறவைதான், தேன்சிட்டு மாதிரி. ஒக்குலுடென்டாவிஸ், அதாவது 'கண்-பல்-பறவை' என்று பெயரும் வைத்தாயிற்று.

சிலர் பற்களைப் பார்த்தார்கள். ஆர்க்கோசோர்களின் பல் குழிக்குள் நடப்பட்டிருக்கும், இவையோ தாடையில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆர்க்கோசோர்களுக்குக் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டிய ஓட்டையும் இல்லை. சில மாதத்தில் கட்டுரை மீளப்பெறப்பட்டது. 2021இல் இன்னொரு துண்டு, கொஞ்சம் உடம்போடு, செதிலோடு விவரிக்கப்பட்டது. குவாட்ரேட் பல்லிக் குவாட்ரேட். விஷயம் முடிந்தது.

பெயரிடும் விதி மட்டும் மாறவில்லை. அந்தச் சின்னப் பல்லி இனிக் கண்-பல்-பறவை என்ற பெயரோடுதான் காலம் தள்ள வேண்டும்.